இறாலுக்குச் சுறா கொடுத்த எழுத்து

போன வருடக் கடைசி, மழைக்காலம். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கம், பண்டமாரானில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுக்குக் கீழே ஒரு பெரிய வடிகால் ஓடுகிறது. லோங்காங் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அது பொங்கி, கார் நிறுத்தும் இடம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கினால் கடைசிப் படியில் ஒரு தலையணை, ஒற்றைச் செருப்பு, தேநீர் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பைகள் ஏழெட்டு. அந்தப் பைகளில் ஒன்று முந்தின நாள் நான் வாங்கி வந்ததாகக்கூட இருக்கலாம். தாண்டிப் போகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்த வாரமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஒரு சுற்றுச்சூழல் சங்கம் பொதுமக்களுக்கு விழிப்புணர்வுச் சுவரொட்டிப் போட்டி வைக்கிறது. தலைப்பு, நம் ஆறு. எந்த மொழியிலும் இருக்கலாம். தேர்வாகும் பத்துச் சுவரொட்டிகளை, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்து, அங்கேயே பரிசு கொடுப்பார்கள்.

எனக்கு வரைய வராது. ஒரு மீன் போட்டால்கூட அது இலை மாதிரி இருக்கும். நான் கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் கிளார்க். நாள் முழுக்கக் கண்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு வரும். எங்கள் தேவாலயத்தின் ஞாயிறு தாளில் வாரா வாரம் வரும் சொல்தேடல் கட்டத்தைப் போடுவது நான்தான். பூசை முடிந்து வெளியே வரும்போது, பிரசங்கம் எப்படி என்று பேசிக்கொள்வதைவிட, கட்டத்தில் கடைசிச் சொல் கிடைத்ததா என்று பேசிக்கொள்பவர்கள் அதிகம். சாமியாருக்கே அது தெரியும்.

ஆகவே சுவரொட்டியையே ஒரு சொல்தேடலாகச் செய்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றிய அந்த நிமிடம் நான் சோற்றுப்பானையின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆறு கடலில் சேரும் இடத்தில் வாழும் பன்னிரண்டு உயிர்களின் பெயர்களைக் கட்டத்துக்குள் ஒளித்து வைப்பது. மேலே ஒரே ஒரு வரி: காணாமல் போகும் முன் கண்டுபிடியுங்கள்.

என் கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, படமே இல்ல. எல்லாரும் மரம் அழுவுற மாதிரி, பூமிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி வரைவாங்க. நீ கட்டம் போட்டு வச்சிருக்க."

"படத்தைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க. இதுன்னா நின்னு தேடுவாங்க லா," என்றேன்.

"யாரு நிப்பா? ஊரே ஓடிக்கிட்டு இருக்குது."

அந்தப் பேச்சு எனக்கு இன்னும் வேகம் கொடுத்தது. நண்டு, இறால், சிப்பி, நத்தை, ஆமை, சுறா, நாரை, கொக்கு, மீன்கொத்தி, நீர்நாய், முதலை, குரங்கு. பட்டியல் ஒரே இரவில் முடிந்தது. எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. பன்னிரண்டு பெயர்களுக்கும் சேர்த்து முப்பத்தேழு எழுத்துகள் போய்விடும். மிச்சம் இருபத்தேழு கட்டங்கள். சாதாரணமாக அங்கே வாய்க்கு வந்த எழுத்துகளைப் போட்டு நிரப்புவோம். இந்த முறை எனக்குப் பேராசை. எல்லாப் பெயரையும் கண்டுபிடித்த பிறகு மிஞ்சும் எழுத்துகளை வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம் வர வேண்டும்.

"நாம் வடிகாலில் வீசிய எதையும் கடல் மறக்காது" என்று ஒன்று எழுதினேன். எண்ணிப் பார்த்தால் இருபத்திரண்டு எழுத்து. இன்னும் ஐந்து வேண்டும். நான்கு நாள் அந்த ஐந்து எழுத்துகள் என்னைத் தூங்கவிடவில்லை, சமைக்கவிடவில்லை. அலுவலகத்தில் ஒரு கப்பலின் சரக்குப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென்று வந்தது: ஒருநாளும். விரல் விட்டு எண்ணினேன். ஒ, ரு, நா, ளு, ம். ஐந்து. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் மலாய்க்கார அக்கா, கரப்பான்பூச்சியா என்று கேட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்.

கணினியில் அதைச் செய்து முடிக்க ஒரு வாரம் ஆனது. பின்னணியில் வரைய எதுவும் இல்லை, வெறும் நிறம்தான். மேலே நீலம், கீழே வரவர எங்கள் லோங்காங் தண்ணீரின் பழுப்பு. எழுத்துகள் வெள்ளையில். அடியில் பன்னிரண்டு பெயர்கள். என் கணவர், தேவாலயத்துத் தோழிகள் என்று தமிழ் தெரிந்த ஏழெட்டுப் பேருக்குக் காட்டினேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அனுப்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. பத்தில் ஒன்றாகத் தேர்வாகியிருந்தது. வாழ்க்கையில் நான் பெயர் கொடுத்த முதல் போட்டி. மூன்றடிக்கு நான்கடி அளவில் அச்சடித்து, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். கிள்ளானில் நான் விசாரித்த கடைகளில் வருடக் கடைசி நாட்காட்டி வேலை குவிந்து கிடந்தது. என் கணவர்தான், ஸ்ரீ கெம்பாங்கானில் பேனர் அடிக்கும் ஒரு சீனர் கடை இருக்கிறது, அந்தப் பக்கம் லோடு போகும்போது கொடுத்துவிடுகிறேன் என்றார். வியாழக்கிழமை பென்டிரைவை அங்கே கொடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை நான் போய் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"மிஸ், உங்க போஸ்டர் ஆ," என்று ஒரு குரல் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசியது. பேனர் கடைக்காரர். மெஷினில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"மெஷின் ஓகே. கேம்தான் ஓகே இல்ல. செபெலாஸ் சாயா ஜும்பா. சத்து தக் அடா."

பதினொன்று கண்டுபிடித்துவிட்டாராம். ஒன்று இல்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாஸ், உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?" என்று மலாயில் கேட்டேன்.

"தமிழ் சாயா தக் தாவு. தாப்பி தெங்கோக் போலே."

தமிழ் தெரியாது, ஆனால் பார்க்கத் தெரியும் என்றார். அதை நான் அப்போது காதில் வாங்கவில்லை. மேசையில் வேலை கிடந்தது. அதோடு, என் கட்டத்தில் குறை சொல்ல இவர் யார் என்ற எண்ணமும் இருந்தது, மறைப்பானேன். "அது தமிழ் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும் பாஸ். நீங்கள் அச்சடியுங்கள்," என்றேன். குரல் கொஞ்சம் வெடுக்கென்றுதான் வந்தது. அவர் "ஓகே லா, நீங்க பாஸ்," என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் உறுத்தியது. தொலைபேசியிலேயே படத்தைத் திறந்து, ஒவ்வொரு பெயராகத் தேடினேன். பன்னிரண்டும் இருந்தன. நண்டு, இதோ. முதலை, இதோ. இறால், இதோ. நிம்மதியாகப் படத்தை மூடப் போனேன். ஆனால் அவர் சொன்னது விடவில்லை. எழுத்துத் தெரியாதவர் எப்படித் தேடியிருப்பார்? கீழே உள்ள உருவத்தைப் பார்த்து, அதே உருவம் மேலே எங்கே என்றுதானே தேடியிருப்பார்? நானும் அப்படியே, ஓர் எழுத்துக்குக் கீழே ஓர் எழுத்து வைத்துப் பார்த்தேன்.

கீழே, பட்டியலில்: இறால். மேலே, கட்டத்தில்: இரால்.

வல்லின றகரம் இருக்க வேண்டிய இடத்தில் இடையின ரகரம். தட்டச்சு செய்த விரல் ஓசையைக் கேட்டுச் செய்திருக்கிறது. படித்த கண்ணும் ஓசையைத்தான் படித்திருக்கிறது. என் கண் மட்டுமல்ல, பார்த்த அத்தனை பேரின் கண்ணும். கிடைக்காத ஒரு சொல்லைத் தேடச் சொல்லி, அதுவும் எழுத்துப்பிழையோடு, ஒரு மண்டபத்தில் மாட்ட இருந்தேன்.

இதில் இன்னொரு வேதனை. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் ஃபிளாட் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், இரண்டாம் மாடியில் இருக்கும் ஒருத்தி "வாடகைக்கு அரை உள்ளது" என்று போட்டிருந்தாள். நான் எல்லோருக்கும் தெரியும்படி, "அரைதானா, முழுசாகக் கிடைக்காதா? அறை என்று எழுதும்மா," என்று எழுதினேன். பத்துப் பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். அவள் அன்றிரவே குழுவை விட்டு விலகிவிட்டாள். அன்று அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இப்போது அதே ர, அதே ற.

கடைக்காரரை அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தேன். மூன்று முறை. நான்தானே அச்சடிக்கச் சொன்னேன், மெஷின் ஓடும் சத்தத்தில் காது கேட்காது. கணவரை அழைத்தால் அவர் ஜொகூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். மலாய்க்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுதும் கேட்கக்கூட இல்லை. "நீ போ, மிச்சத்தை நான் பார்க்கிறேன்," என்று என் கோப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, அங்கே மாறி செர்டாங், அங்கிருந்து வாடகைக் கார். வழியெல்லாம் மழை. கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பட்டியலில் இறாலை அடித்துவிட்டுப் பதினொன்று என்று மாற்றலாமா? மாற்றினால் மிச்ச எழுத்துகளில் மூன்று கூடிவிடும், என் வாக்கியம் கெட்டுப்போகும். மேலே ஒரு காகிதத்தை ஒட்டலாமா? மூன்றடிச் சுவரொட்டியில் பிளாஸ்திரி போட்டது மாதிரி இருக்கும். பேசாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் ஒரு எண்ணம் வந்தது. ஏழெட்டுப் பேர் பார்த்தும் தெரியவில்லை, தேர்ந்தெடுத்த நடுவர்களுக்கும் தெரியவில்லை. நாளைக்கு மட்டும் யாருக்குத் தெரியப் போகிறது? இந்த எண்ணம் வந்தது உண்மை. சுபாங் தாண்டி கேஎல் சென்ட்ரல் வரும்வரை அது என்னோடு வந்தது.

கடை இருந்த சந்தில் கார் பட்டறைகளும் இரும்பு ஒட்டும் கடைகளும் வரிசையாக இருந்தன. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தே கால். பேனர் கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. போச்சு என்று நினைத்துக் குனிந்து உள்ளே நுழைந்தேன்.

என் வயதுதான் இருக்கும் அவருக்கு, நாற்பத்தைந்து. அரைக்கால் சட்டை, நெற்றிக்கு மேல் தள்ளிவிட்ட மூக்குக்கண்ணாடி. மழைச் சாரல் அடிக்கிறது என்றுதான் கதவை இறக்கியிருந்தாராம். பக்கத்தில் அவர் மனைவி ஒரு பேனரின் ஓரத்தில் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்வதற்குள் சுவரைக் காட்டினார். அங்கே என் சுவரொட்டி, சோதனைக்காகச் சிறியதாக அச்சடித்தது, ஒட்டியிருந்தது. அதில் பதினோரு வட்டங்கள். சில சிவப்பு மையில், சில நீல மையில்.

"சிவப்பு என் மனைவி. ஆறு. நீலம் நான். ஐந்து," என்றார் மலாயில். "காலையிலிருந்து அந்த ஆறாவதைத்தான் தேடுகிறேன். அவளிடம் தோற்க முடியாது."

மனைவி வளையம் அடிப்பதை நிறுத்தாமல் சிரித்தார்.

நான் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கொத்தியைக்கூடக் கண்டுபிடித்திருந்தார்கள். குறுக்காகப் போகும் நீர்நாயைக்கூட. ஓர் எழுத்து தெரியாமல்.

"பெரியது அச்சடித்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"நான் அச்சடிக்கச் சொன்னேனே."

"சொன்னீங்க. கடைசியாக அடிக்கலாம் என்று வைத்திருந்தேன். நீங்கள் ஒரு தடவை பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்." சுவரில் இருந்த சோதனைத் தாளைக் காட்டினார். "பேனர் தப்பாகப் போனால் இன்னொன்று அடிக்கலாம் மிஸ். ஆனால் அங்கே ஆட்கள் நின்று, இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். கெசியான் லா."

பாவம் என்றார். என்னை இல்லை, நாளை வந்து நிற்கப் போகும், அவருக்கு யாரென்றே தெரியாத மனிதர்களை. நான் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையதுதான், எழுத்து மாறிவிட்டது என்றேன். அவர் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக் கணினி முன் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சிக்கல் அங்கே வந்தது. நான் கொடுத்திருந்தது படமாக மாற்றிய கோப்பு. எழுத்தைத் தட்டி மாற்ற முடியாது. அசல் என் வீட்டு லேப்டாப்பில் இருக்கிறது. அவர் கணினியில் தமிழ் எழுத்துரு கிடையாது. வீட்டுக்குப் போய் எடுத்து அனுப்புவதென்றால் இரவாகிவிடும், கடை ஏழு மணிக்கு மூடிவிடும். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"எந்த எழுத்து வேண்டும்? காட்டுங்கள்," என்றார்.

பட்டியலில் இறாலின் றாவைக் காட்டினேன். ஆனால் பட்டியலின் எழுத்துகள் சிறியவை, பெரிதாக்கினால் மங்கிவிடும் என்றார். பிறகு கட்டத்தைத் திரையில் பெரிதாக்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். ஏழாவது வரிசையில் நிறுத்தினார்.

"இது அதேதானே? என் மனைவி காலையில் கண்டுபிடித்தது. இரண்டு கட்டப் பெயர்."

சுறா. சுறாவின் றா. அதே அளவு, அதே வெள்ளை. எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கட்டத்தை அப்படியே வெட்டி எடுத்து, மேலே இருந்த ராவின் மீது கொண்டுபோய் வைத்தார். பின்னணியின் பழுப்பை மட்டும் இழைத்துச் சரிசெய்தார். பத்து நிமிட வேலை.

"அது என்ன பெயர்?" என்று மனைவி கேட்டார்.

சுறா என்று மலாயில் சொன்னேன். இப்போது எழுத்து வாங்கியது எது என்று கேட்டார். இறால் என்றேன். சுறா இறாலுக்கு உதவி செய்வதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் சொல்ல, மூன்று பேருமே சிரித்துவிட்டோம். மதியத்திலிருந்து பிடித்திருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது.

பெரியதை அச்சடிக்கும் முன் கடைக்காரர் விடவில்லை, திருத்தியதைச் சிறியதாக ஒரு தாளில் அடித்தார். "மறுபடியும் பன்னிரண்டு" என்றார். நான் பட்டியலைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் இரண்டு பேரும் தேடினார்கள். நான் உதவக்கூடாதாம். தமிழ் தெரிந்தவர் இல்லாததைக்கூடப் பார்த்துவிடுவார் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர்களுக்கு எழுத்துகளுக்கெல்லாம் சொந்தப் பெயர்கள் இருந்தன. 'ண்' என்பது மூன்று சுழி நூடுல்ஸ். 'ஆ' என்பது வால் சுருட்டிய குரங்கு. பன்னிரண்டாவது வட்டத்தைக் கடைக்காரர் போட்டதும் கணக்கு ஆறுக்கு ஆறு சமமாகிவிட்டது. மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

மிஞ்சிய எழுத்துகள் எதற்கு என்று கேட்டார். வரிசையாகப் படித்தால் ஒரு வாக்கியம் வரும் என்று சொல்லி, மலாயில் பொருள் சொன்னேன். நாம் லோங்காங்கில் வீசிய எதையும் கடல் ஒருநாளும் மறக்காது. அவர் சிரிப்பு அடங்கியது. கடையின் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு தொட்டியும், மூடி போட்ட பெரிய போத்தல்களும் இருந்தன.

"இப்போது கழிவு மையைப் போத்தலில் பிடித்து வைக்கிறேன். ஆட்கள் வந்து எடுத்துப் போகிறார்கள்," என்றார். பிறகு மெதுவாக, "முன்னே நானும் ஊற்றியிருக்கிறேன்," என்றார்.

படியில் கிடந்த தேநீர்ப் பையை நினைத்துக்கொண்டு, நானும்தான் பாஸ் என்றேன்.

பெரிய மெஷின் ஓடத் தொடங்கியது. என் கட்டம் வரிசை வரிசையாக வெளியே வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் புல்லரித்தது. காய்ந்ததும் சுருட்டித் தருவார் என்று நின்றால், அவர் அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டினார். நான் கேட்காதது. ஒரு மார்க்கர் பேனாவால் அதில் ஒரு கோடு போட்டு, துணியால் துடைத்துக் காட்டினார். கோடு போன இடம் தெரியவில்லை.

"பார்க்க மட்டும் விடாதீர்கள். எழுத விடுங்கள்," என்று நான்கு மார்க்கர்களையும் ஒரு துணியையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் மற்ற ஒன்பது சுவரொட்டிகளைப் பார்த்ததும் என் உற்சாகம் சுருங்கிவிட்டது. அவ்வளவு அழகான ஓவியங்கள். ஒன்றில் ஆமையின் கண்ணில் ஆறே ஓடியது. என்னுடையது நடுவில் பள்ளிக்கூடக் கரும்பலகை போலத் தொங்கியது. பக்கத்தில் ஒரு நாற்காலியில் மார்க்கர்களை வைத்துவிட்டு, என் கணவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

முதலில் வந்தது மண்டபத்தின் மலாய்க்காரப் பாதுகாவலர். என்ன இது என்று கேட்டார். ஒரே மாதிரி உருவத்தைத் தேட வேண்டும் என்றேன். தமிழ் தெரியாதே என்று தயங்கினார். பார்க்கத் தெரிந்தால் போதும் என்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரு பெயரை வட்டமிட்டுவிட்டு, இது என்ன என்று கேட்டார். குரங்கு என்று மலாயில் சொன்னதும் தன் நெஞ்சைத் தட்டிச் சிரித்து, இன்னொரு பாதுகாவலரைக் கூட்டி வந்தார். பிறகு இரண்டு சீனக் கல்லூரி மாணவிகள். பூமாலைக் கடை ஆன்டி ஒருவர், கையில் பையோடு. ஜவுளிக்கடை நடத்தும் ஒரு தமிழ் முஸ்லிம் அங்கிள், தொழுகைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "தள்ளுங்கம்மா, நண்டு எங்கயோ இங்கதான் நிக்குது," என்று உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் சுவரொட்டியைச் சுற்றி இருபது பேருக்கு மேல். ஒருவர் தேடும்போது மற்றவர் கையை நீட்டக் கூடாது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

இறாலை வட்டமிட்டது பூக்கடை ஆன்டி. அந்த வட்டம் முழுமையாகும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டும் முடிந்ததும், மிச்சம் இருப்பதைப் படியுங்கள் என்றேன். ஜவுளிக்கடை அங்கிள் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். "நா... ம்... நாம். வ... டி..." கூட்டம் முழுக்கக் காத்திருந்தது. "கடல்... ஒரு... நாளும்..." மறக்காது என்ற சொல்லை அவர் முடிக்கும் முன் நாலைந்து குரல்கள் சேர்ந்து முடித்தன. சீன மாணவிகளில் ஒருத்தி, என்ன சொல்கிறது என்று கேட்டாள். பாதுகாவலருக்கு மலாயிலும் அவளுக்கு ஆங்கிலத்திலும் அங்கிளே சொன்னார். அவள் அதைத் தொலைபேசியில் எழுதிக்கொண்டாள். துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாமா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஊரே ஓடிக்கிட்டு இருக்குன்னு சொன்னேன்ல," என்றார் என் கணவர் என் காதருகில். "நின்னுட்டாங்க."

நடுவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பரிசு அறிவிப்பதற்கு முன் என்னிடம் வந்தார். "இந்தக் காலத்தில் இவ்வளவு தமிழ் எழுத்து உள்ள ஒரு சுவரொட்டியில் ஒரு பிழைகூட இல்லாமல் பார்ப்பது அபூர்வம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்ல டீச்சர். நேத்து மத்தியானம் வரைக்கும் ஒரு பிழை இருந்துச்சு. உங்களுக்கு அனுப்புன படத்துலயும் இருந்துச்சு. அச்சுக்கடைக்காரர்தான் கண்டுபிடிச்சாரு."

"நல்ல தமிழறிவு உள்ளவர் போலிருக்கு."

"அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது டீச்சர். சீனர்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார், விளையாடுகிறேனா என்று. என்ன எழுத்து என்று கேட்டார். சொன்னேன். நானும் அதைப் படித்தேனே என்று முணுமுணுத்தவர், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதல் பரிசு ஆமை ஓவியத்துக்குப் போனது, போக வேண்டியதுதான். எனக்கு மூன்றாவது. ஆனால் ஒரு மாதம் மண்டப வாசலில் வைப்பதற்கு என்னுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கூட்டம் சூழ நின்ற படத்தை அச்சுக்கடைக்காரருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஓர் எண்ணும் கேள்விக்குறியும் வந்தன: 12? நானும் 12 என்று அனுப்பினேன்.

அன்று மாலை வீடு திரும்பியதும் மேலே போகவில்லை. இரண்டாம் மாடியில் நின்று அந்தப் பெண்ணின் கதவைத் தட்டினேன். இறால் கதை முழுவதையும் சொன்னேன். அன்றைக்கு உன்னை அத்தனை பேர் முன்னால் அப்படி எழுதியிருக்கக் கூடாது என்றேன். அவள் கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது.

"உள்ள வாங்கக்கா. அந்த அரை இன்னும் வாடகைக்குப் போகல. பார்த்துட்டுப் போங்க," என்றாள்.

தெரியாத விஷயங்களில் நான் எப்போதும் கவனமாகவே இருந்திருக்கிறேன், நன்றாகத் தெரிந்ததில்தான் பார்ப்பதையே விட்டிருந்தேன். ஆகவே இன்றும் எதை எழுதி முடித்தாலும் அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு முறை, அதன் பொருளை மறந்து, அந்த மொழியே தெரியாதவளைப் போல எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன்.